சின்னராணியின் சுண்டுவிரல்

மாஸ்டர் துணி வெட்டும்போது கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கத்தரி சாக்பீஸ் கோட்டை விட்டு நூலளவும் விலகாது. வாய்க்குத்தான் கோடு கிழிக்க ஆளில்லை. பள்ளிக்கூடச் சட்டைக்கு நாற்பது முதுகு வெட்டி முடிப்பதற்குள் மூன்று படத்துக் கதை சொல்லி, ஒரு நடிகையைத் தலையில் தூக்கி வைத்து, இரண்டு நடிகர்களைக் குப்புறத் தள்ளியிருப்பார். மேஜையில் குவிந்திருக்கும் துணியைப் பார்த்தால்தான் மனிதர் வேலையும் செய்திருக்கிறார் என்று தெரியும்.

கடை மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் பழுது பார்க்கும் இடம். மாடியில் ஒரே நீள அறை, தெருப்பக்கம் மூன்று ஜன்னல். நடுவில் வெட்டு மேஜை. சுவரோரம் இரண்டு தையல் இயந்திரங்கள். அவற்றில் தைக்கிற பெண்கள் காலையில் வந்து மதியத்துக்கு முன்பே போய்விடுவார்கள். பக்கத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் இயந்திரம். பின்கோடியில் இஸ்திரி மேஜை. அதற்கும் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் மாஸ்டரின் வீடு. முதல் ஜன்னலுக்குக் கீழே ஒரு குட்டை முக்காலி கிடக்கும். அது மாஸ்டரின் மனைவியுடையது. பட்டன் வைப்பது, கொக்கி வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. வெளிச்சம் முதலில் விழுகிற இடம் என்பதால் அந்த இடத்தை அவளுக்கு விட்டிருந்தார்கள்.

காஜாக்காரர் சினிமாவில் 'இடி'யின் ஆள். இடி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். எந்தப் படத்திலும் கதவை உதைக்காமல் உள்ளே வராத நடிகர் அவர். இஸ்திரிக்காரருக்குக் கதாநாயகர்களே ஆகாது. அவருடைய ஆள் 'குமாஸ்தா'. நூறு படத்துக்கு மேல் குமாஸ்தா வேஷம் கட்டிய ஒரு சின்ன நடிகர்; பெயர் போடும்போது கடைசிக்கு முந்தின வரிசையில் வருவார்.

"கதவுன்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்கு? தட்டறதுக்கு," என்பார் இஸ்திரிக்காரர். "உங்காளுக்கு மட்டும் ஏன் அது ஒதைக்கறதுக்குன்னு தோணுது?"

"எங்காளு தட்டினாலும் அது ஒடஞ்சுதான் போகும். எதுக்கு ரெண்டு வேலைன்னு நேரா ஒதைச்சிடறாரு."

"நடிப்புன்னா என்னன்னு எங்காளப் பாத்துக் கத்துக்கணும். வேலை போயிடுச்சு. வீட்டுக்கு வர்றாரு. வாசப்படில உக்காந்து ஷூவக் கழட்டறாரு. ஒரு ஷூவக் கழட்டிட்டாரு. இன்னொண்ணு அப்படியே இருக்கு. கயித்துல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு இத எதுக்குப் போட்டுக்கணும்னு யோசிக்கறாரு, அவ்ளோதான். வாயே தொறக்கல. நான் தியேட்டர்ல குனிஞ்சு என் செருப்பையே பாத்துக்கிட்டிருந்தேன்."

இந்த இடத்தில் மாஸ்டர் கத்தரியை மேஜை மேல் வைப்பார். கத்தரி மேஜைக்கு வந்துவிட்டால் சின்னராணி வருகிறாள் என்று அர்த்தம்.

சின்னராணி மாஸ்டரின் தெய்வம். அவள் நடித்த எல்லாப் படத்தையும் அவர் பார்த்திருக்கிறார், அது ஒரு பெரிய விஷயமில்லை. 'பட்டன் படம்' என்று ரசிகர்கள் சொல்கிற ஒரே ஒரு படத்தை மட்டும் தியேட்டரில் முப்பத்தொரு தடவை பார்த்தவர். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின படம். அதில் ஒரு காட்சி. புருஷனுடைய சட்டைக்குப் பெண்டாட்டி பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒருவர் வந்து நின்று, உன் புருஷன் இறந்துவிட்டான் என்று சொல்கிறார். ஒன்றரை நிமிஷத்துக்கு முகத்தைக் காட்டவே மாட்டார்கள். சட்டை, பட்டன், இரண்டு கை. ஊசி போகும், வரும். சேதி வந்ததும் நிற்கும். பிறகு மெதுவாக மறுபடி புறப்படும். கை பட்டனைத் தைத்து முடித்து, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, சுண்டுவிரலால் பட்டனை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, சட்டையை மடித்து வைக்கும். அதற்குப் பிறகுதான் கேமரா மேலே ஏறி முகத்துக்கு வரும்.

"முழுப் படத்துலயும் அவ வலது கைக்காரி," என்பார் மாஸ்டர். "எழுதறது வலது கை, சாப்பிடறது வலது கை. அந்த ஒரு சீன்ல மட்டும் ஊசி இடது கைல இருக்கும். ஏன்?"

ஏன் என்று காஜாக்காரருக்கும் இஸ்திரிக்காரருக்கும் மனப்பாடமாகத் தெரியும். இருந்தாலும் சும்மா இருப்பார்கள்.

"நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கம். துக்கம் வந்து அந்தப் பக்கமா இறங்குது. இத எந்த டைரக்டரும் சொல்லித் தர முடியாது. அப்புறம் அந்த சுண்டுவிரல். கொஞ்சம் கோணலா மடிச்சு வச்சிருப்பா பாரு. ஒன்றரை நிமிஷமும் நிமித்த மாட்டா. அந்த ஒரு வெரல்ல மொத்தத் துக்கத்தையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கா. நாம ஒரு நிமிஷம் வெரல மடிச்சு வச்சா வலிக்குது. அவ நடிச்சுக்கிட்டே மடிச்சு வச்சிருக்கா."

முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் தலையை நிமிர்த்தாமல் பட்டன் தைத்துக்கொண்டிருப்பாள். இருபத்துநாலு வருஷக் குடித்தனத்தில் சின்னராணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவள் வாயில் வந்ததில்லை. கல்யாணமான புதிதில் அந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுகூட, அந்தக் காட்சியில் அவள் திரையைப் பார்க்காமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் பெண் பொறாமை என்று மாஸ்டர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

இத்தனைக்கும் அவளை அவர் கட்டிக்கொண்டதே சின்னராணியை முன்னிட்டுத்தான். அப்போது மாஸ்டர் வேறொரு பெரிய கடையில் இருந்தார். அவள் கைத்தையல் வேலை கேட்டு வந்தாள். ஒரு பட்டன் வைத்துக் காட்டச் சொன்னார். அவளும் இடது கையால் வைத்தாள். அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் கோணலாக மடங்கியிருந்தது. சிறுவயதில் கதவிடுக்கில் நசுங்கியதாம். மாஸ்டருக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. "உனக்கு அப்படியே சின்னராணி கை," என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அவள் கையிலிருந்து ஊசி விழ ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி விழாத தையல்கடை எங்கே இருக்கிறது. பிறகு டீத் தம்ளர் விழுந்தது. ஒருநாள் காலை சமையலறையில் சத்தம் கேட்டு மாஸ்டர் ஓடிப் போனால், வேகவைத்த உருளைக்கிழங்கெல்லாம் தரையில் உருண்டு கிடக்க, அவள் இடது கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மரத்துப் போச்சா?" என்று கேட்டார்.

"மரத்துப் போகல. இருக்கறதே தெரியல."

கை மருத்துவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அவளுக்குத் தெரியவில்லை. தொடாதபோது தொட்டதாகச் சொன்னாள், தொட்டபோது பேசாமல் இருந்தாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் தாங்காமல் விரலின் பெயரை முணுமுணுத்தார். அவர் சொல்லித் தரக் கூடாது என்று மருத்துவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கிக்கிட்டிருக்கு," என்றார் மருத்துவர். "ரொம்ப நாளா நசுங்கியிருக்கு, நீங்க வேலை செஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. சின்னதா திறந்து விட்டாகணும். இப்படியே விட்டா கட்டைவிரல் சதை வத்திப்போகும். அப்புறம் எதையும் புடிக்க முடியாது. சுண்டுவிரலுக்கு ஒண்ணும் ஆகாது, அது வேற நரம்பு."

"திறந்தா பழைய மாதிரி வந்துடுமா?" என்று அவள் கேட்டாள்.

"வரணும். இவ்ளோ நாள் விட்டுட்டீங்க, அதனால சத்தியம் பண்ண மாட்டேன்."

படி இறங்கும்போதே அவள் சொல்லிவிட்டாள். "கத்தி வைக்க விட மாட்டேன்."

அதோடு அந்த வீட்டில் பேச்சு வேறாகிப்போனது. மாஸ்டர் கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். பசி தாங்காமல் அவரே ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற மகள் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். பயப்பட ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் செய்துகொள்கிறார்கள் என்றாள். இஸ்திரிக்காரர் தன் பங்குக்கு, "தங்கச்சி, கை இருந்தாத்தானம்மா கத்திக்கு பயப்பட முடியும்," என்று சொல்லி, அது எப்படியோ கோணலாகிப்போய், அன்று முழுவதும் யார் முகத்தையும் பார்க்காமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்து, தெரியாத விரல்களால் ஊசியைத் தேடுவாள். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன். முன்பெல்லாம் ஒரு டீ ஆறுவதற்குள் ஏழும் ஏறிவிடும். இப்போது மூன்றாவது பட்டனிலேயே நெற்றி வியர்த்தது.

ஏன் இப்படி அடம்பிடிக்கிறாள் என்று மாஸ்டருக்குப் புரியவே இல்லை. பிரசவத்துக்குக்கூடப் பயப்படாதவள். காய் நறுக்கும்போது விரல் வெட்டினால் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அதே காயை நறுக்குகிறவள். மனிதர் வெட்டு மேஜையில் நின்றபடி அவளையே பார்த்தார். அவருக்குப் பேச்சு குறைந்துபோயிற்று. காஜாக்காரர் இடியைப் பற்றி இரண்டு தரம் வம்புக்கு இழுத்தும் கத்தரி மேஜைக்கு வரவில்லை.

மழை மூன்றாவது நாளாகக் கொட்டிய மதியம் மின்சாரம் போனது. காஜா இயந்திரம் பாதிக் காஜாவில் நின்றது. இஸ்திரிப் பெட்டி ஆறியது. தைக்கிற பெண்கள் அன்று வரவே இல்லை. கல்லூரிக்கு விடுமுறை விட்டதால் மகள் வீட்டில் இருந்தாள்; எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வெட்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் ஈரமாக இருந்தது. சும்மா இருக்கத் தெரியாத மூன்று ஆண்கள் ஓர் அறையில் அடைபட்டுவிட்டார்கள். மாஸ்டரை எப்படியாவது பேச வைத்துவிடுவது என்று காஜாக்காரர் முடிவு செய்தார்.

"நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு நெனைச்சேன் மாஸ்டர். மூஞ்சியே காட்டாம கைய மட்டும் காட்டறதுல என்ன நடிப்பு இருக்கு? அது கேமராக்காரர் வேலை. உங்க சின்னராணி சும்மா உக்காந்திருந்தாங்க."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். கத்தரி மேஜைக்கு வந்தது.

"சும்மா உக்காந்திருந்தாளா?"

"பின்ன?"

"அந்தச் சட்டைய எடு."

காஜாக்காரர் ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மனைவியின் ஊசியை வாங்கி, இடது கையில் பிடித்துக்கொண்டார். வெட்டுகிற கைக்குத் தைக்க வருமா. ஊசி துணிக்குள் போகாமல் அவர் தொடைக்குள் போகப் பார்த்தது. "நீங்க வந்து சேதி சொல்லுங்க," என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னார்.

சொல்ல வேண்டுமா அவருக்கு. பட்டன் படத்தில் வாசலில் வந்து நிற்கிறவரே குமாஸ்தாதான். இஸ்திரிக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, மூலையில் நின்ற ஈரக் குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவோரம் போய் நின்றார். முகம் மாறிவிட்டது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா," என்றார். "அய்யா இனிமே வர மாட்டாரும்மா."

மாஸ்டர் ஊசியை நிறுத்தினார். சுண்டுவிரலை மடித்தார். நெஞ்சைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அசல் காட்சி எப்படி இருக்கும் என்று கைபேசியில் தேட ஆரம்பித்தாள்.

"நூல அப்படிப் புடிக்க மாட்டாங்க," என்றாள் முக்காலியில் இருந்தவள்.

"யாரு?"

"தைக்கறவங்க."

அவள் எழுந்து வந்து சட்டையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். ஊசியை இடது கையில் எடுத்தாள். எடுக்கவே மூன்று தரம் முயல வேண்டியிருந்தது. பிறகு ஊசி துணிக்குள் போயிற்று, வந்தது, போயிற்று. "இப்பச் சொல்லுங்கண்ணே," என்றாள்.

இஸ்திரிக்காரர் குடையைச் சரிசெய்துகொண்டார். "அம்மா. அய்யா இனிமே வர மாட்டாரும்மா."

ஊசி நின்றது. அது நின்ற விதத்தில் அந்த அறையே நின்றுபோனது. கீழே சைக்கிள் கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், அதுகூட நின்றுவிட்ட மாதிரி மாஸ்டருக்கு இருந்தது. துணிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஊசி இருக்க, கை அதன் மேல் அசையாமல் இருந்தது. அழவில்லை, நடுங்கவில்லை. பிறகு, பாதியில் விட்ட வேலை ஞாபகம் வந்ததுபோல், மெதுவாகப் புறப்பட்டது. தைத்தது. நூலைச் சுற்றியது. முடிச்சுப் போட்டது. சுண்டுவிரல் நகத்தால் பட்டனை ஒரு தரம் இழுத்தது. இன்னொரு தரம் இழுத்தது. சட்டையை மடித்து வைத்தது.

"அக்கா," என்றார் காஜாக்காரர். "சின்னராணிய அப்படியே செஞ்சு காட்டிட்டீங்களேக்கா."

மேஜை மேலிருந்த மகள் கைபேசியையும் தாயின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கைய அப்படியே வையேன்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். ஓடிக்கொண்டிருந்த காட்சியை ஓர் இடத்தில் நிறுத்தி, தாயின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். மூன்று ஆண்களும் குனிந்து பார்த்தார்கள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே," என்றார் மாஸ்டர், பெருமையாக. "பாத்த முதல் நாளே சொன்னேன். அப்படியே சின்னராணி கை மாதிரி."

"அப்பா," என்றாள் மகள். "மாதிரி இல்லப்பா."

மாஸ்டர் மறுபடி பார்த்தார். சுண்டுவிரலின் கோணல். அதன் நகத்துக்குக் கீழே கதவு நசுக்கியதில் விழுந்த பிறைத் தழும்பு. அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. அங்கே இருந்த கைக்குப் பத்தொன்பது வயது, பவுடர் பூசியிருந்தது. இங்கே இருந்த கைக்கு நாற்பத்தைந்து. அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். ஸ்டூல் வேறு இடத்தில் இருந்ததால் துணிச் சுருள் மேல் உட்கார்ந்தார்.

"எங்க சித்தி அந்தப் படத்துக்குத் துணி தைச்சாங்க," என்றாள் அவள். கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும் கூடப் போவேன். சின்னராணியம்மாவுக்கு ஊசியே புடிக்க வராது. கிட்டத்துல காட்டணும்னாங்க. என்னைக் கூப்பிட்டு அவங்க சேலையக் கட்டி விட்டு உக்கார வச்சாங்க. சும்மா தைம்மான்னாங்க. தைச்சேன். இன்ன சீன்னு எனக்கு யாரும் சொல்லல. அந்த அய்யா வாசல்ல வந்து நின்னாரு."

"எங்காளு," என்றார் இஸ்திரிக்காரர். குடை இன்னும் கக்கத்திலேயே இருந்தது.

"அவர்தாண்ணே. அவரு சொன்னாரு. அந்தக் குரல் எப்படி இருந்துச்சுன்னா, எனக்குக் கல்யாணமே ஆகல, ஆனா என் புருஷன் செத்துட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கை தானா நின்னுடுச்சு. ஐயோ, வேலைய நிறுத்திட்டோமே, திட்டுவாங்களேன்னு மறுபடி தைச்சேன். வழக்கம்போல பட்டன இழுத்துப் பாத்தேன். மடிச்சு வச்சேன். நிமிந்து பாத்தா டைரக்டர் கண்ணத் தொடைச்சுக்கிட்டிருந்தாரு. சேதி கேட்டதும் சட்டைய மூஞ்சில வச்சு அழணும்னுதான் எழுதியிருந்தாங்களாம். அத அடிச்சிட்டாங்க."

"சட்டை யாருது?" என்றார் காஜாக்காரர். "செத்துப்போன புருஷன் எங்காளுதானே அந்தப் படத்துல. அப்ப எங்காளு சட்டைக்கா நீங்க பட்டன் வச்சீங்க?"

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். அவர் வாய் அப்படி வெறுமனே திறந்து மூடி அந்தக் கடையில் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு கேள்வி வந்தது. கோயில் பூட்டியிருப்பதைப் பார்த்தவன் கேட்பதுபோல் வந்தது. "அப்ப சின்னராணி ஒண்ணுமே பண்ணலையா?"

"யார் சொன்னா?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் தைச்சப்ப பக்கத்துல தரைல உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் எழுந்ததும் அதே எடத்துல உக்காந்தாங்க. மடிச்ச சட்டைய மடில வச்சுக்கிட்டாங்க. கேமரா மேல போச்சு. கடைசில ஒரு மூஞ்சி வரும் பாருங்க, அழவும் அழாம, இன்னும் எத்தனை சட்டை தைக்கணும்னு கணக்குப் பாக்கற மாதிரி. என் கை என்ன நெனைச்சுதுன்னு எனக்கே தெரியாது. அது அவங்க மூஞ்சில இருந்துச்சு. அதப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவ்ளோ பெரிய நடிப்ப நான் ஒரு கை தூரத்துல நின்னு பாத்திருக்கேன். நீங்க முப்பத்தொரு தடவ தியேட்டர்ல பாத்தீங்க, ஒரு தடவயாவது மூஞ்சியப் பத்திப் பேசியிருக்கீங்களா? எப்பப் பாத்தாலும் சுண்டுவெரலு, சுண்டுவெரலு."

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. இருபத்தாறு வருஷமாகத் திரையில் பார்த்து மனப்பாடம் செய்த கை தினமும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறது. காய்ச்சலுக்கு நெற்றியில் இருந்திருக்கிறது. அவர் சட்டைக்கே பட்டன் வைத்திருக்கிறது. பட்டனை ஏன் இரண்டு தரம் இழுக்கிறாய், உன் தையல் மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா என்று எத்தனை தரம் கேலி செய்திருக்கிறார். பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"ஏம்மா சொல்லல?"

"வெளில சொல்லக் கூடாதுன்னாங்க, அது ஒண்ணு. அப்புறம், மொத நாளே நீங்க சின்னராணி கைன்னு சொன்னப்ப சிரிப்பா வந்துச்சு. சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க அந்த வெரலப் பத்திப் பேசறத கேக்கறப்பல்லாம், சரி, ஆளு தெரியாமலே என்னைத்தானே புகழறாருன்னு தைச்சுக்கிட்டிருப்பேன். சொல்லிட்டா நீங்க நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு." இடது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு சீன் முடிஞ்சதும் சின்னராணியம்மா என் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க. இத பத்திரமா பாத்துக்கன்னாங்க. என் மூஞ்சி யாருக்குத் தெரியும். இந்தக் கையப் பாத்து ஊரே அழுதிருக்கு. நான் பத்திரமா பாத்துக்கிட்ட லட்சணம், இப்பக் கத்தி வைக்கணுங்கறாங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். பத்து நாளாக மறுத்துக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. காஜாக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் துணிச் சுருளிலிருந்து எழுந்து வந்து முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது. இருபத்துநாலு வருஷம் பிடித்த கைதான், இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டும்போல் இருந்தது.

"இவ்ளோ வருஷமா இந்தக் கையப் பத்தி நானே பேசிட்டேன்," என்றார். "இனிமே நீ சொல்லு. என்ன பண்ணலாம்?"

"பயமா இருக்குங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மழை விட்டபாடில்லை. இஸ்திரிக்காரர் குடையை மூலையில் கொண்டுபோய் வைத்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செஞ்சுக்கறேன்," என்றாள். "ஆனா நீங்க டாக்டர்கிட்ட சினிமாப் பேசக் கூடாது. அவங்க கைய அவங்க கவனமா வச்சிருக்கணும்."

மாஸ்டர் பேசவில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, அறுவை அறைக்கு வெளியே ஒரு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கைபேசியில் இடியின் படம் பார்த்துக்கொண்டிருந்தபோதும், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். மனிதருக்கு அது பெரிய தவம்.

கட்டைப் பிரித்த பிறகு மருத்துவர், தினமும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எதையாவது கிள்ளிப் பழக வேண்டும் என்றார். பஞ்சு, மாவு உருண்டை, எது வேண்டுமானாலும். அவள் பஞ்சைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "வலிக்குதா இல்லையான்னு இந்தப் பஞ்சு சொல்லுமா," என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து காலை டீக்குப் பிறகு மாஸ்டரின் முன்கைதான் அதற்கு.

முதல் நாள் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்து, "ஸ்ஸ்," என்றார்.

"நடிக்காதீங்க," என்றாள். "உங்களுக்கு வராது."

அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. கிள்ளறது தெரியுதா என்பாள். தெரியலம்மா என்பார். சொல்லும்போது அவளைப் பார்க்க மாட்டார். இரண்டாவது வாரமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் லேசாக அழுத்துகிறது தெரிந்தது, அவ்வளவுதான். அந்தக் கை பட்ட இடத்தையே அவர் பகல் முழுக்கத் தடவிக்கொண்டு திரிந்தார். பட்டன் வைக்கிற வேலையை மகள் மாலையில் வந்து செய்தாள். காஜாக்காரரும் கற்றுக்கொண்டு, இடியின் சட்டைக்கு வைப்பதாக நினைத்து வைத்தார். சினிமாப் பேச்சு நடந்தது. ஆனால் கத்தரி மேஜைக்கு வரும் நேரத்தில் மாஸ்டர் முக்காலிப் பக்கம் பார்த்துவிட்டுப் பேசாமல் வெட்டப் போய்விடுவார்.

ஆறாவது வாரம் ஒரு மதியம். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இஸ்திரிக்காரர் குமாஸ்தாவின் புதுப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவராகிவிட்டாராம், ஒரே ஒரு காட்சியில் வந்து ஒரு கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டுப் போகிறாராம், அந்த ஒட்டுகிற நாக்கில் மொத்த வாழ்க்கையும் இருக்கிறதாம். மாஸ்டர் டீத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பின்னாலிருந்து வந்து, எதுவும் சொல்லாமல், அவர் முன்கையைக் கிள்ளினாள்.

மாஸ்டர் துள்ளி எழுந்தார். டீ அவர் சட்டையெல்லாம் கொட்டியது. சத்தம் எதுவும் வரவில்லை; வாய் மட்டும் திறந்திருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. காஜாக்காரர் பாதி எழுந்து நின்றார்.

அவள் கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள், ஓரம் ஓரமாக, தையலில் பிசிறு தேடுகிற மாதிரி. அதில் நடிப்பு ஒரு பொட்டும் இல்லை.

மாஸ்டர் ஈரச் சட்டையோடு இன்னொரு கையை நீட்டினார்.

"இதுலயும்," என்றார்.